இட்லிச் சட்டியில் இஞ்சின்

வாங்க தம்பி, வாங்க. உடுமலையில இருந்து வண்டி பாக்க வர்றதாச் சொன்னது நீங்கதானுங்களே? செருப்பு அங்கயே கெடக்கட்டும், உள்ள வந்து உக்காருங்க. எங்கூட்டு வாத்தியாரு இல்லீங்க. நீங்க வர்றீங்கன்னு பையன் போன் பண்ணிச் சொன்னான் பாருங்க, ஒடனே கேஸ்கட் வாங்கியாறேன்னு மொபெட்ட எடுத்துட்டுப் பொள்ளாச்சிக் கடைவீதிக்குக் கெளம்பிட்டாரு. விக்கப் போற வண்டிக்கு எதுக்குங்க கேஸ்கட்டு? வண்டி பாக்க ஆளு வர்ற அன்னைக்குத்தான் அவருக்கு ஊர்ச் சோலி அத்தனையும் ஞாபகம் வரும். ஒரு பொறுப்பு வேண்டாமுங்களா?

மோரு குடிங்க. வண்டி எங்கயும் போகாது, அதோ போர்டிகோவுல நிக்குது பாருங்க காரு. மொதல்ல ஒண்ணு சொல்லிப்போடறனுங்க. இந்த வண்டிய வித்தாத்தான் எனக்கு நிம்மதி. நாளைக்கு உங்க ஊர்ல போயி, அந்த வசந்தாமணியம்மா விக்க மனசில்லாம என்னென்னமோ சொல்லி அனுப்பிச்சுப் போட்டாங்கன்னு சொல்லிறாதீங்க. இது போகோணும். இதுல கை வச்ச நாள்ல இருந்து என்ற ஊட்டுல உருப்படியா ஒரு இட்லி இல்ல. இட்லி இல்லாத ஊடு ஒரு ஊடாங்க?

சிரிக்காதீங்க. கேளுங்க.

அவரு ஹைஸ்கூல்ல வரலாறு வாத்தியாரு. பானிபட்டு சண்ட எந்த வருசம்னு கேளுங்க, மாசத்தோட சொல்லுவாரு. குக்கரு எத்தன விசில் அடிச்சுதுன்னு கேளுங்க, "அடிச்சுதா?"ம்பாரு. ஊட்டுல பல்பு போனா, ஆளு வந்து மாட்டற வரைக்கும் இருட்டுலயே உக்காந்திருக்கற மனுசனுங்க அவரு. ரிட்டயர் ஆனாரு. ஆனவரு டிவிக்கு முன்னால நாற்காலியப் போட்டு உக்காந்தவருதான். பேச்சு மூச்சு இல்ல. காப்பி குடிச்சீங்களாங்கன்னா ஒரு 'ம்'. சாப்பிட்டீங்களான்னா ஒரு 'ம்'. நான் ஒருத்தியே ரெண்டு பேருத்துக்கும் சேத்துப் பேசிட்டு இருந்தேன். உங்களுக்கே தெரியுமே, நான் அதிகம் பேசறவ இல்ல.

இந்த வண்டி அப்பல்லாம் தார்ப்பாயைப் போத்திக்கிட்டு அங்க மூலையில கெடந்துச்சுங்க. பையன் படிக்கறப்ப பழசா வாங்குனது. ஸ்டார்ட் பண்ணுனா தெருவே தெரியாத அளவுக்குப் பொகை. ஒரு நாளு என்ன தோணுச்சோ, மெக்கானிக்கக் கூட்டியாந்து காமிச்சாரு. அந்த ஆளு பேனட்டத் தூக்கக்கூட இல்ல. "சார், இத எடைக்குப் போட்டுருங்க. வயசாயிருச்சு, ஒண்ணுக்கும் ஆகாது"ன்னுட்டான். வண்டியத்தான் சொன்னான். இவரு தன்னையச் சொல்லிப்போட்டாப்பல மொகத்த வச்சுக்கிட்டாரு. அன்னைக்கு ராத்திரியே போனுல படம் பாக்க ஆரமிச்சாச்சு. ஆரோ இஞ்சினப் பிரிக்கறான், இவரு பக்கத்துல பேப்பர வச்சுக்கிட்டுப் பரிச்சைக்குப் படிக்கற பையனாட்ட எழுதறாரு. "நானே பிரிக்கறேன் வசந்தா"ன்னாரு. நானும் சின்னப் பேச்சுத்தானேன்னு, செரிங்கன்னுட்டேன். அங்கதான் நான் ஏமாந்தது.

போர் மோட்டார் தூக்குவாங்களல்ல, மூணு கால் வச்ச இரும்பு, சங்கிலி போட்டது, அத வாடகைக்குக் கொண்டாந்தாரு. அத போர்டிகோவுல நட்டு, இஞ்சினத் தூக்கிக் கீழ எறக்கியாச்சு. அப்பப் பாத்து மழை. சாரல் அடிக்குதுன்னு இஞ்சின் ஹாலுக்கு வந்துருச்சு. ஹாலுக்கு வந்தது அடுப்படிக்கு வர எவ்வளவு நேரமாகும்? சின்னச் சின்ன சாமானம் தொலையாம இருக்கோணும்னு என்ற இட்லித் தட்ட எடுத்துக்கிட்டாரு. குழிக்கு ஒரு ஸ்பிரிங்கு. எந்தக் குழியில எதுன்னு வரிசை மாறப்படாதாம். சட்டியில மண்ணெண்ணெய் ஊத்தி பிஸ்டன் வளையத்த ஊறப் போட்டாரு. நான் அந்த நேரம் கோயிலுக்குப் போயிருந்தேன். வந்து மூடியத் தொறந்து பாக்கறேன், தட்டுல ஸ்பிரிங்கு, சட்டியில கருப்புத் தண்ணி. "இட்லி வெந்துருச்சா"ன்னு கேட்டேன் பாருங்க, அவருக்கு அந்தக் கேலிகூடப் புரியல. "இன்னும் ஊறோணும்"ங்கறாரு!

அப்பறம் புளி போட்டு வெளக்குனேன், சாம்பல் போட்டு வெளக்குனேன், எலுமிச்சம் தோல் போட்டுக் கொதிக்க வச்சேன். போகலீங்க. நோம்பிக்குச் சம்பந்தியம்மா வந்திருந்தாங்க. நம்ம கெட்ட நேரம், இட்லி. ஒரு விள்ளல் வாயில வச்சவங்க, மெதுவா என்னையப் பாத்து, "இட்லி நெம்ப மெதுவா இருக்குதுங்க, ஆனா பத்திக்குமாட்ட இருக்குது"ன்னாங்க. மருமக சிரிச்சா. பையன் சிரிச்சான். இவரும் சிரிச்சாரு! ரிட்டயர் ஆனதுக்கப்பறம் அவரு வாய் விட்டுச் சிரிச்சது அன்னைக்குத்தான். எனக்கு எப்படி இருக்குமுங்க?

சட்டைய மட்டும் விட்டாரா? வெள்ளைச் சட்டைக்காரருங்க அவரு. இப்ப எந்தச் சட்டையப் பாத்தாலும் பையில கிரீசு. போன மாசம் தொவைக்கப் போடறப்ப பாக்கறேன், பைக்குள்ள கையளவு நீளத்துக்குக் கருப்பு ஒயரு ஒண்ணு சுருட்டி வச்சிருக்குது. ரேடியோவுதா மிக்சியிதான்னு தெரியல. எடுத்து அலமாரியில வச்சேன், மறுநா பாத்தா அங்க இல்ல. ஞாபக மறதி எச்சாயிருச்சுங்க அவருக்கு, எத எங்க வெக்கறதுன்னே தெரியறதில்ல.

இருங்க, வர்றேன், அவசரப்படாதீங்க. சத்தியத்தச் சொல்லாம வண்டியக் காமிச்சா உங்களுக்கு ஒண்ணும் புரியாது.

ஆயுத பூசை வந்துச்சு. இஞ்சின் இன்னும் ஹால்ல பிரிஞ்சு கெடக்குது. ஊர் உலகத்துல மிசினு, வண்டி, அரிவாள்மணை எல்லாத்துக்கும் பொட்டு வச்சுச் சாமி கும்பிடறாங்க. நம்மூட்டுல ஒரு இஞ்சினே வந்து உக்காந்திருக்குது, அத அழுக்கோட வச்சா சாமிக்கு ஆகுமுங்களா? அவரு குளிக்கப் போன நேரம் பாத்து, ஒவ்வொரு சாமானமா சோப்புத் தண்ணியில தொடச்சு, பளபளன்னு வாழையெலையில பரப்பி, சந்தனம் குங்குமம் வச்சு, பொரி கடலை வச்சு, பூப் போட்டு அத்தன அலங்காரமுங்க. எனக்கே கண்ணு பட்டுரும்போல இருந்துச்சு. கற்பூரத்தப் பத்த வச்சுப்போட்டு, "வாங்க"ன்னு கூப்புட்டேன்.

வந்தாரு. பாத்தாரு. கன்னத்துல போட்டுக்குவாருன்னு நான் பாக்கறேன். அவரு கீழ உக்காந்து நாலு இரும்புத் துண்ட எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாக்கறாரு. "வசந்தா, இதுல இருந்த நெம்பரு எங்க?"

"என்ன நெம்பருங்க? ஆரோ சாக்பீசுல கிறுக்கியிருந்துது. அழிச்சுப்போட்டேன்."

கல்வெட்ட அழிச்சவளப் பாக்கறாப்பல என்னையப் பாத்தாரு தம்பி.

விசயம் என்னன்னா, உள்ள ஒரு பெரிய தண்டு சுத்துமுங்க, கிராங்குன்னு பேரு. அதைக் கவ்விப் புடிக்கறதுக்கு நாலு ராடு. ஒவ்வொரு ராடுக்கும் அடியில ஒரு மூடி. அந்தந்த மூடி அந்தந்த ராடுக்குத்தான் சேரும், மாத்திப் போட்டா தண்டு இறுகிக்கும். உங்களுக்குத் தெரியுமா? செரி, தெரிஞ்சாலும் கேளுங்க. பழசா அதுல கொத்தியிருந்த குறியெல்லாம் தேஞ்சு போச்சாம், அதனால இவரு ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு எழுதி வச்சிருந்தாரு. சாக்பீசுல! இரும்பு மேல ஆராச்சும் சாக்பீசுல எழுதுவாங்களா? நீங்களே சொல்லுங்க, தப்பு ஆரு மேல? ஆயுசு பூரா கரும்பலகையில எழுதுன கை, அது வேற எதத் தேடும்?

"இது பட்டறைச் சாமானம், உன்ற பூசைச் சாமானம் இல்ல"ன்னு கத்துனாரு. "அடுப்படியப் பட்டறையாக்குனது ஆரு?"ன்னு நானும் கத்துனேன். "என்ற இட்லிச் சட்டியத் தின்ன இந்தச் சனியன், ஓடுன அன்னைக்கே ஊட்ட விட்டுப் போகோணும்"னேன். "செரி, ஓடுன அன்னைக்கே விக்கறேன்! ஆனா ஓட வச்சுப்போட்டுத்தான் விப்பேன்"னு எரியற கற்பூரத்து மேல படார்னு அடிச்சுச் சத்தியம் பண்ணிப்போட்டாரு. நான் விடுவனா? "வித்தாத்தான் நான் இந்த ஊட்டுல இட்லி ஊத்துவேன்"னு நானும் ஒரு அடி அடிச்சேன். அணைஞ்ச கற்பூரத்துல அடிச்சா சத்தியம் செல்லுமான்னு தெரியலீங்க. கை சுட்டுது, அதனால செல்லும்னுதான் நெனைக்கறேன்.

சத்தியம் பண்ணியாச்சு, கோவத்துல பையனுக்கும் போன் போட்டுச் சொல்லியாச்சு. அப்பறம் என்ன, வெடிஞ்சா மூடிகளச் சேத்தோணுமல்ல? எதுக்கு எதுன்னு ஒவ்வொண்ணா மாட்டிப் பாக்கறதத் தவிர வழியில்ல. அவரு இறுக்குவாரு, தண்டச் சுத்திப் பாக்கறது நான். ஆட்டுக்கல்லு சுத்துன கைங்க இது, லேசா ஒரு பக்கம் இழுத்தாலும் தெரிஞ்சுரும். "இல்லீங்க, புடிக்குது"ம்பேன். கழட்டுவாரு. மறுபடி மாட்டுவாரு. "இதுவும் இல்லீங்க"ம்பேன். ஊட்டு வேல வெட்டியெல்லாம் விட்டுப்போட்டு, ரெண்டு பேரும் தரையில கால நீட்டி உக்காந்துக்கிட்டு இதே சோலி. சண்ட போட்டவங்க பேசப்படாதுன்னு மொதல்ல வீம்பா இருந்தேன். "புடிக்குது", "புடிக்கல"ன்னு சொல்லோணுமே, எத்தன நேரந்தான் வீம்பு புடிக்கறது? கடைசியில நாலும் சேந்து, தண்டு வெண்ணெயில விட்டாப்பல வழுக்கிட்டுச் சுத்துச்சுங்க. "இதானுங்க!"ன்னேன். அவரு என்ற கையப் புடிச்சு, கிரீசோட, சித்த நேரம் அப்படியே வச்சிருந்தாரு. துணி தேடுனாராட்ட இருக்குது.

அப்பறம் புத்தி வந்து, உளியில ஒவ்வொரு மூடியிலயும் நெம்பரு கொத்துனாரு. கடைசி மூடியில நெம்பருக்குப் பக்கத்துல சின்னதா 'வ'ன்னு ஒரு எழுத்து. எதுக்குங்கன்னு கேட்டா "வால்வு"ங்கறாரு. வால்வு மேல இருக்குது, இது கீழ இருக்குது. எனக்கே தெரியுது, அவருக்குத் தெரியலியேன்னு நெனச்சுக்கிட்டேன்.

கார்த்திகையில இஞ்சின் வண்டிக்குள்ள ஏறுச்சு. சாவியத் திருகுனாரு. இருமுச்சு. மறுபடி திருகுனாரு. டப்புன்னு ஒரு வெடி; பக்கத்தூட்டு நாயி அன்னைக்கு ஓடுனது, மறுநாத்தான் திரும்புச்சு. அப்பறம் புடிச்சுச்சு பாருங்க! தையல் மிசினாட்ட, அத்தன சீரா. அவரு கண்ணத் தொடச்சாரு. பொகைன்னாரு. எனக்கும் பொகைதானுங்க. ரெண்டு பேரும் அப்படியே நின்னோம். ஓடிருச்சு. ஓடுன அன்னைக்கே விக்கோணும். கடைசியில அவருதான், "ரன்னிங் பாக்கோணும் வசந்தா. புது இஞ்சினாட்டந்தான் இது, அடங்கற வரைக்கும் மெதுவா ஓட்டோணும். அது வரைக்கும் ஓடுனதாக் கணக்கில்ல"ன்னாரு. படிச்சவரு சொன்னாச் செரியாத்தான் இருக்கும்னு நானும் விட்டுட்டேன்.

அது ஒரு கொடுமைங்க. வாராவாரம் ஆழியாறு வரைக்கும் போயிட்டு வரோணும். மாட்டு வண்டி வேகம். சைக்கிள்ல போறவன் நின்னு, "என்னங்க, தள்ளி விடட்டுமா?"ங்கறான். பொறத்தால பஸ்காரன் ஆரன் அடிச்சே ஊமையாயிட்டான். கட்டுச்சோறு கட்டறது நான், எண்ணெய் அளவு பாக்கறது நான், ரோட்டாருன்னு இஞ்சினுக்குத் தீப்பொறியப் பங்கு போட்டுக் குடுக்கற ஒரு சின்னச் சாமானம், அதக் கழட்டித் தொடச்சு மாட்டறதும் நான். அதெல்லாம் எனக்குச் சொல்லிக் குடுத்துட்டாரு. வழி பூரா பேசிட்டே வருவாரு. இங்கதான் ஆங்கிலேயன் பாதை போட்டான், இங்கதான் இன்னாரு குதிரையில வந்தாருன்னு. கல்யாணமாகி வந்ததுல இருந்து என்ற கூட அவரு பேசுன பேச்சையெல்லாம் சேத்து வச்சாலும், ஆழியாறு போயிட்டு வர்ற தூரத்துக்குக் காணாதுங்க. சொல்றதுக்கு என்ன, எனக்குச் சந்தோசந்தான். நெம்பச் சந்தோசம். அவரு மறுபடி அந்த நாற்காலியில போயி உக்காந்துருவாரோன்னுதான் எனக்குப் பயமே. ஆனா சத்தியம்னு ஒண்ணு இருக்குதல்ல? கற்பூரத்துல அடிச்சத நானே மாத்துனா, அவரு என்னைய மதிப்பாரா? அவருதான் ஒரு வார்த்த "விக்க வேண்டாம்"னு சொல்றாரா? செரி வித்தரலாம், செரி வித்தரலாம்னுட்டே இருக்காரு. அவருக்கு வண்டி மேல அவ்வளவுதான் ஆசைன்னா நான் என்னத்தப் பண்றது?

மாரியம்மன் கோயில்ல பூப் போட்டுக்கூடக் கேட்டுப்போட்டனுங்க. வெள்ளைப் பூ வந்தா விக்கலாம், சிவப்பு வந்தா வேண்டாம். வெள்ளை வந்துச்சு. பொட்டலம் எடுத்துக் குடுத்த கொழந்த செரியா எடுக்கலீன்னு இன்னொருக்கா போட்டேன். வெள்ளை. அப்பறம் ஒருக்கா. அதுவும் வெள்ளை. ஆத்தாளுக்கு என்னங்க, ஏறிப் போறதுக்குச் சிங்கம் இருக்குது, நம்ம கஷ்டம் அவளுக்கு எங்க தெரியுது?

அதுக்குள்ள பையன், "அப்பாதான் சத்தியம் பண்ணுனாரல்ல, பொங்கலுக்கு நான் வந்தா என்ற காரு நிக்க எடம் வேணும்"னு போனுல வெளம்பரம் போட்டுட்டான். ஆளு வந்துட்டேதான் இருக்குது. நான் எதையும் மறைக்கறதில்லீங்க. கதவுல ஒண்ணு உள்ள இருந்து தொறக்காது. மழை பேஞ்சா கால்மாட்டுல தண்ணி நிக்கும். ரிவர்சு விழுகறதுக்கு முன்னால ஒரு தடவ சாமியக் கும்புடோணும். இதச் சொன்னா மொதல்ல வந்தவரு மோரக்கூடக் குடிக்காமப் போயிட்டாரு. அப்பறம் ஒருத்தன் சினிமாவுக்குன்னு வந்தான். என்ன சீனு எடுக்கப் போறீங்கப்பான்னேன். "பள்ளத்துல உருட்டி விட்டு எரிக்கறதுங்கம்மா"ன்னான். தொடப்பத்த எடுத்துட்டேன் தம்பி. விக்கறேன்னுதான் சத்தியம் பண்ணுனோம், கொள்ளி வெக்கறேன்னா பண்ணுனோம்?

நீங்க என்னங்க, எதச் சொன்னாலும் தலைய ஆட்டிச் சிரிக்கறீங்க? உங்களுக்கும் இந்தக் கிறுக்கு உண்டா? உங்கூட்டுலயும் ஒரு இஞ்சின் பிரிஞ்சு கெடக்குதா! பாவம், உங்கூட்டுக்காரம்மா. செரி, ஸ்டார்ட் பண்ணிப் பாக்கோணுமா? தாராளமா. இந்தாங்க சாவி.

திருகுங்க. ம். இன்னொருக்கா. ம்ஹூம், புடிக்காதுங்க. பழைய வண்டிதானுங்களே, திடீர்னு இப்படித்தான் மொரண்டு புடிக்கும். விடுங்க, இன்னொரு நாளைக்கு... ஏனுங்க, பேனட்டு எதுக்குத் தொறக்கறீங்க? அந்த மூடியக் கழட்டாதீங்க தம்பி, அது...

ரோட்டார் இல்லீங்களா?

செரி. தெரிஞ்சவருகிட்ட மறைச்சு என்ன பண்றது. என்ற அஞ்சறைப் பெட்டியில, சீரகத்துக்கு அடியில இருக்குதுங்க. ஆளு வர்ற அன்னைக்கு மட்டும் எடுத்து வெப்பேன், போனதும் தொடச்சு மாட்டிருவேன். அவருக்குத் தெரியாது. நீங்களும் சொல்லிறாதீங்க, அவரு வித்தரோணும்னு இருக்கறவரு. இருங்க, எடுத்துட்டு வர்றேன்.

என்னது? அது வந்தாலும் ஓடாதா? எந்த ஒயரு? இங்கிருந்து அங்க போறதா? கருப்பா, கையளவு நீளமா?

அத நான் எடுக்கலீங்களே. எனக்கு ரோட்டார் ஒண்ணுதான் தெரியும்.

சித்த இருங்க. உக்காந்துக்கறேன்.

இந்த மனுசன். கேஸ்கட் வாங்கப் போறாராமா, கேஸ்கட். அத்தன சட்டையிலயும் கிரீசு. மறதி மறதின்னு நான் ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்கேன்.

அதோ, மொபெட்டுச் சத்தம். வந்துட்டாரு. மூடியப் போட்டுப் பேனட்ட மூடுங்க தம்பி, சீக்கிரம். நீங்க ஒண்ணும் பேசப்படாது. சிரிக்கவும் படாது.

வாங்க. கேஸ்கட்டு கெடைச்சுதுங்களா? கடை லீவா? லீவாத்தான் இருக்கும். இவருதான் உடுமலைத் தம்பி. வண்டி நெம்பப் புடிச்சுப்போச்சாமா, ஆனா பாருங்க, ஸ்டார்ட்டே ஆகமாட்டேங்குது. நல்லாத்தான் இருந்துச்சுங்களே? ஆமாங்க, பழைய வண்டி, என்ன பண்றது. நானும் அதத்தான் தம்பிகிட்டச் சொன்னேன். சட்டைப் பைய எதுக்குங்க அப்படிக் கையில பொத்திக்கிட்டு நிக்கறீங்க, நெஞ்சு வலியா? இல்லீல்ல? அப்பச் செரி.

மன்னிச்சுக்கோங்க தம்பி. ஓடாத வண்டிய உங்க தலையில கட்டுனா எங்களுக்குத்தான் பாவம். ஓடுனா விக்கோணும்னுதானுங்க கற்பூரத்துல அடிச்சோம். ஓடுன அன்னைக்கு ஆளு வர்ல. ஆளு வந்த அன்னைக்கு ஓடல. நாங்க என்னத்தப் பண்றது?

ஏனுங்க, உங்களத்தான். எதுக்கும் இஞ்சின மறுபடி எறக்கிப் பிரிச்சுப் பாத்தரலாமுங்களா? சும்மா நிக்காதீங்க, போயி அந்த மூணுகால் இரும்புக்குச் சொல்லிப்போட்டு வாங்க. சிரிக்கறதப் பாருங்க தம்பி, பரிச்சையில பாசானவராட்ட.

மோரு இன்னொரு டம்ளர் குடிச்சுட்டுப் போலாம், இருங்க. வண்டி வித்ததும் இட்லி ஊத்தறதுக்குன்னு வாங்கிப் பரண்ல வச்ச புது இட்லிச் சட்டி ஒண்ணு இருக்குது, நான் மேல ஏறி அத எறக்கிட்டு வந்தர்றேன். அவருக்கு வளையம் ஊறப் போட வேணுமல்ல.